நாள் தள்ளிப்போச்சா? முதல் 3 மாசத்துல உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்கோங்க

போன வாரம் ராத்திரி பத்தே கால் இருக்கும், குடியாத்தத்துல இருந்து என் சித்தி பொண்ணு போன் பண்ணா, பாத்ரூம்ல நின்னு பேசுறான்னு குரல்லயே தெரிஞ்சுது, அவ்ளோ மெதுவா பேசுனா. "அக்கா, நாள் தள்ளி ஆறு நாள் ஆச்சு, கர்ப்பம் டெஸ்ட் பண்ற கார்டு வாங்கி பாத்தேன், ரெண்டாவது கோடு லேசா தான் கீது, இருக்குதுன்னு அர்த்தமா இல்லையா?" இருக்குதுன்னு தான் அர்த்தம்னு சொன்னேன், அழுதுட்டா, சந்தோஷத்துல தான். ஆனா அடுத்து அவ கேட்டது தான் என்னை தூங்க விடல. "மூணு மாசம் முடியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அத்தை சொல்றாங்க, அப்போ டாக்டர்கிட்டயும் மூணு மாசம் கழிச்சே போலாம் இல்லக்கா?"

இந்த பழக்கம் நம்ம பக்கம் வேலூர், ஆரணி, ஆம்பூர்னு எங்க போனாலும் இருக்கு. கண்ணு படும்னு ஒரு பயம், அதவிட பெரிய காரணம், ஒருவேள கலைஞ்சிட்டா ஊருக்கே பதில் சொல்லணுமேன்னு. அதை நான் தப்பு சொல்லல, யாருக்கு எப்போ சொல்றதுங்கறது அந்த பொண்ணோட இஷ்டம். ஆனா அந்த சொல்லக்கூடாத லிஸ்ட்ல நர்ஸம்மாவும் டாக்டரும் சேரவே கூடாது, ஏன்னா கொழந்தையோட முக்கியமான உறுப்பு எல்லாம் உருவாகறது இந்த மூணு மாசத்துல தான். அவளுக்கு அன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் சொன்னதை தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ரெண்டு பிள்ளை பெத்தவ, ஒன்ன இழந்தவ, ஒவ்வொரு தடவயும் கேட்டு கேட்டு தெரிஞ்சிக்கிட்டவ.

முதல்ல கணக்கு, இதுல தான் எல்லாருக்கும் குழப்பம். டாக்டருங்க வாரத்தை கரு உண்டான நாள்ல இருந்து எண்ண மாட்டாங்க, கடைசியா வந்த பீரியட்ஸோட முதல் நாள்ல இருந்து எண்ணுவாங்க, செக்கப்புக்கு போனா குடுக்கற கார்டுல எல்எம்பின்னு எழுதுறாங்களே அது தான். ஒரு பொண்ணுக்கு ஜூன் 1 அன்னிக்கு பீரியட்ஸ் ஆரம்பிச்சுதுன்னு வெச்சிக்கோங்க. 28 நாள் கணக்கா வர்றவளா இருந்தா முட்டை வெளிய வர்றதே 14, 15ம் தேதி வாக்குல தான், கரு சேர்றதும் அப்போ தான். ஜூன் 29 அன்னிக்கு அடுத்தது வந்திருக்கணும், வரல. அன்னிக்கே டாக்டர் கணக்குல 4 வாரம் முடிஞ்சிடுச்சு, ஆனா உள்ள இருக்கற கருவுக்கு நெஜமான வயசு ரெண்டு வாரம் தான். மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். அந்த முதல் நாளோட 7 நாள் கூட்டி 9 மாசம் தள்ளுனா டெலிவரி தேதி கெடச்சிடும், ஜூன் 1க்கு மார்ச் 8.

இத இவ்ளோ நீட்டி சொல்றதுக்கு காரணம் இருக்கு. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் மிலிட்டரில இருக்கற ஊரு நம்ம பக்கம் உண்டு, வளைகுடா நாட்டுல வேலை பாக்கறவங்க வேற. புருஷன் லீவுல வந்தே அஞ்சு வாரம் தான் ஆச்சு, ஸ்கேன் ரிப்போர்ட்ல 7 வாரம்னு போட்டிருக்கு, இது எப்படின்னு ஒரு வீட்ல அந்த பொண்ணை நிக்க வெச்சு கேள்வி கேட்டதை நான் கண்ணால பாத்திருக்கேன். அந்த ரெண்டு வாரம் வித்தியாசம் கணக்கு போடற முறையில வர்றது, அவ்ளோ தான். தயவு செஞ்சு வீட்ல இருக்கற ஆம்பளைங்களுக்கும் பெரியவங்களுக்கும் இத புரிய வெச்சிடுங்க. பீரியட்ஸ் ஒழுங்கா வராதவங்களுக்கு, பிசிஓடி, அதாவது சினைப்பைல நீர்க்கட்டி பிரச்சனை இருக்கறவங்களுக்கு, முட்டை லேட்டா வந்திருக்கும், அதனால இந்த கணக்கு தப்பலாம், அவங்களுக்கு முதல் ஸ்கேன்ல கருவோட நீளத்தை அளந்து தேதி மாத்தி குடுப்பாங்க.

கார்டு டெஸ்ட் பத்தி. கரு வந்து கர்ப்பப்பை சுவத்துல ஒட்டிக்கறதுக்கு முட்டை வெளிய வந்ததுல இருந்து ஆறு நாள்ல இருந்து பத்து பன்னெண்டு நாள் வரைக்கும் ஆகும். ஒட்டுனதுக்கு அப்புறம் தான் எச்சிஜின்னு ஒரு ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும், ஆரம்பத்துல அது ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஏறக்குறைய ரெண்டு மடங்கா ஏறும். கார்டு அத தான் புடிக்குது. அதனால நாள் தள்ளறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டு பாத்தா இல்லன்னு காட்டலாம், மூணு நாள் கழிச்சு பாத்தா இருக்குன்னு காட்டும். காலைல எழுந்ததும் முதல் யூரின்ல பாருங்க, அதுல ஹார்மோன் கெட்டியா இருக்கும். அட்டைல போட்டிருக்கற நேரத்துக்குள்ள பாத்துடணும், பெரும்பாலும் 5 நிமிஷம். லேசான கோடும் கோடு தான். ஆனா அரை மணி நேரம் கழிச்சு குப்பைல இருந்து எடுத்து பாத்து அதுல ஒரு சாயம் தெரிஞ்சா அத நம்பாதீங்க. மெடிக்கல்ல வாங்க கூச்சமா இருந்தா துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேட்டாலே காசில்லாம டெஸ்ட் பண்ணி சொல்வாங்க. உப்பு போட்டு பாக்கறது, பேஸ்ட் போட்டு பாக்கறது எல்லாம் ஒன்னும் சொல்லாது.

இப்போ உள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். 4 வாரத்துல கரு ஒரு கசகசா அளவு தான். 6 வாரத்துல துவரம்பருப்பு அளவு, அந்த சமயத்துல தான் இதயம் துடிக்க ஆரம்பிச்சு ஸ்கேன்ல தெரியும். 8 வாரத்துல ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம், நல்ல மொச்சக்கொட்டை அளவுன்னு வெச்சிக்கலாம், கை கால் மொட்டு மாதிரி வந்திருக்கும். 12 வாரத்துல தலையில இருந்து இடுப்பு வரைக்கும் அஞ்சரை சென்டிமீட்டர் கிட்ட, எலுமிச்சம்பழம் அளவு, விரல் எல்லாம் பிரிஞ்சிருக்கும், உறுப்பு எல்லாம் ஒரு உருவத்துக்கு வந்துடும், அதுக்கு மேல வளர்றதும் வேலை செய்ய கத்துக்கறதும் தான்.

இதுல நான் திரும்ப திரும்ப சொல்றது ஒன்னு இருக்கு. மூளையும் முதுகுத்தண்டும் உருவாகற நரம்புக் குழாய் ஒன்னு இருக்கு, ஆரம்பத்துல அது ஒரு இலைய சுருட்டுற மாதிரி ரெண்டு பக்கமும் மடிஞ்சு மூடிக்கும், அது மூடி முடியறது டாக்டர் கணக்குல 6வது வாரம். நாள் தள்ளுனதுல இருந்து பாத்தா ரெண்டே வாரம்! நெறய பேருக்கு அப்போ தான் சந்தேகமே வந்திருக்கும். அந்த குழாய் சரியா மூடறதுக்கு ஃபோலிக் ஆசிட் வேணும், தெனமும் 400 மைக்ரோகிராம். கல்யாணம் ஆகி கொழந்தைக்கு ரெடியா இருக்கோம்னா ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிடணும், ஆரம்பிக்கலன்னா கார்டுல கோடு பாத்த அன்னிக்கே ஆரம்பிக்கணும், 12 வாரம் வரைக்கும் தொடரணும். சர்க்கரை இருக்கறவங்க, ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடறவங்க, முன்னாடி கொழந்தைக்கு முதுகுத்தண்டு பிரச்சனை இருந்தவங்களுக்கு டோஸ் அதிகம், அத டாக்டர் தான் எழுதணும். மூணு மாசம் ரகசியமா வெச்சிருந்துட்டு நாலாவது மாசம் போய் நிக்கறவங்களுக்கு இந்த மாத்திரையோட நேரமே தாண்டி போயிருக்கும். என் சித்தி பொண்ணுகிட்ட நான் முதல்ல சொன்னது இத தான், அவளும் "இத ஏன்கா யாரும் சொல்லல"ன்னு கேட்டா, எனக்கும் யாரும் சொல்லல.

உடம்புல தெரியறது பத்தி. சோர்வு தான் பல பேருக்கு முதல்ல வரும், பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அடிச்சு போட்ட மாதிரி இருக்கும். புரோஜெஸ்ட்ரோன்னு ஒரு ஹார்மோன் ஏறுறதால வர்றது அது, சோம்பேறித்தனம் இல்ல. மார்பு கனமா வலிக்கும், அடிக்கடி ஒன்னுக்கு போகணும்னு தோணும், மலச்சிக்கல் வரும், ஏப்பமா வரும், மனசு ஒரு காரணமும் இல்லாம கலங்கும். ஒன்னுக்கு அடிக்கடி போறது சாதாரணம், ஆனா எரிச்சலோ காய்ச்சலோ கூட இருந்தா அது கிருமி, அத மருந்து சாப்பிட்டு தான் சரி பண்ணணும். மலச்சிக்கலுக்கு நம்ம ஊரு கேழ்வரகு களியும் கீரையும் தண்ணியும் நல்லா கை குடுக்கும்.

மசக்கை தான் பெருசு. 6வது வாரம் வாக்குல ஆரம்பிச்சு 9வது வாரம் உச்சத்துக்கு போய் 12ல இருந்து 16 வாரத்துக்குள்ள பெரும்பாலானவங்களுக்கு குறைஞ்சிடும். காலைல மட்டும் தான் வரும்னு ஒன்னும் இல்ல, எனக்கு சாயங்காலம் விளக்கு வெக்கற நேரத்துக்கு தான் ஓங்கரிப்பு வரும், பக்கத்து வீட்ல தாளிக்கற வாசனை வந்தா போதும். அதுவும் நம்ம வேலூர் வெயில் தெரியும்ல, கத்திரி வெயில்ல 40 டிகிரிய தாண்டி அடிக்கும், அந்த நேரத்துல மசக்கையும் சேர்ந்தா உடம்புல தண்ணி எப்போ வத்துச்சுன்னே தெரியாது. வயிறு காலியா இருந்தா கொமட்டல் அதிகமாகும், அதனால மூணு வேளை தட்டு நெறய சாப்பிடறதுக்கு பதிலா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கையளவு சாப்பிடுங்க. தலைமாட்டுல ஒரு டப்பால பொரியோ ரஸ்க்கோ பொட்டுக்கடலையோ வெச்சிக்கிட்டு எழுந்ததும் படுக்கைலயே கொஞ்சம் மென்னுட்டு பத்து நிமிஷம் கழிச்சு மெதுவா எழுந்திருங்க. இஞ்சி தட்டி போட்ட தண்ணி, எலுமிச்ச ஜூஸ்ல உப்பு, நீர்மோர், இளநீர்னு எது உள்ள நிக்குதோ அத வாய் வாயா குடிங்க. "ரெண்டு உசுருக்கு சாப்பிடணும்"னு தட்டுல அள்ளி வெக்கறவங்ககிட்ட சொல்லுங்க, முதல் மூணு மாசத்துல கூடுதலா சாப்பாடே தேவையில்ல, கெடைக்கறத உள்ள நிறுத்துனாலே போதும். ஒன்னு ரெண்டு கிலோ குறைஞ்சாலும் பெரும்பாலும் பின்னாடி ஏறிடும்.

ஆனா குடிச்ச தண்ணி கூட நிக்காம ஒரு நாள் முழுக்க வாந்தி, ஒன்னுக்கு மஞ்சள் கெட்டியா வருது இல்ல எட்டு மணி நேரமா போகவே இல்ல, எழுந்தா கண்ணு இருட்டுது, எடை வேகமா எறங்குதுன்னா அது சாதாரண மசக்கை இல்ல. "எல்லாருக்கும் தான் வரும், நாங்கல்லாம் பெக்கலயா"ன்னு சொல்லி அப்போ படுக்க வெக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் டிரிப்ஸ் போடணும். மசக்கைக்கு கர்ப்பத்துல சாப்பிடக்கூடிய மாத்திரை இருக்கு, ரொம்ப வருஷமா குடுக்கறது, கேட்டா டாக்டர் எழுதி குடுப்பாங்க. கஷ்டத்தை பல்ல கடிச்சிக்கிட்டு தாங்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

சில பேருக்கு பல்பம், சாம்பல், பச்சரிசி, செங்கல் தூள் திங்கணும்னு தோணும், வெளிய சொல்ல வெக்கப்படுவாங்க. ரத்தத்துல இரும்புச்சத்து குறைஞ்சா இப்படி தோணும், அதனால வெக்கப்படாம நர்ஸம்மாகிட்ட சொல்லி எச்பி, அதாவது ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அளவு, பாக்க சொல்லுங்க. கர்ப்பத்துல 11க்கு கீழ இருந்தா ரத்த சோகை.

அதே மாதிரி இன்னொரு பக்கம், எனக்கு ஒன்னுமே இல்லையே, வாந்தியே வரலயே, கொழந்தை நல்லா இருக்கா இல்லயான்னு பயப்படறவங்களும் இருக்காங்க. என் ரெண்டாவது பொண்ணுக்கு நான் ஒரு நாள் கூட வாந்தி எடுக்கல. அறிகுறி இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது, மறுநாள் வரும். அத வெச்சு ஒன்னும் முடிவு பண்ண முடியாது. வாந்தி அதிகமா வந்தா பொண்ணு, வராட்டி பையன்ங்கறதையும் விட்டுடுங்க. ஸ்கேன்ல ஆணா பொண்ணான்னு கேக்கறதும் சொல்றதும் 1994ல வந்த சட்டப்படி குற்றம்.

ரத்தம் பட்டா என்ன பண்றது? இது தான் எல்லாருக்கும் உயிர் போற பயம். முதல் மூணு மாசத்துல நாலுல ஒருத்தருக்கு கொஞ்சமாவது ரத்தம் படும், அதுல நெறய பேருக்கு கர்ப்பம் நல்லபடியா போகும். கரு ஒட்டறப்போ லேசா ஒரு சொட்டு ரெண்டு சொட்டு படலாம், பீரியட்ஸ் வர்ற மாதிரி லேசா அடிவயிறு இழுக்கலாம். லேசா பட்டாலும் ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிடுங்க, அவங்க பாத்து ஒன்னும் இல்லன்னு சொன்னா நிம்மதி. ஆனா ஒரு மணி நேரத்துல பேட் நனையற அளவுக்கு போனா, கட்டி கட்டியா வந்தா, அடிவயித்துல ஒரு பக்கமா குத்தற மாதிரி வலிச்சா, தோள்பட்டை நுனில வலிச்சா, மயக்கமா வந்தா, விடியட்டும் பாக்கலாம்னு உக்காராதீங்க, 108க்கு போன் பண்ணிடுங்க. அந்த ஒரு பக்க வலி ஏன் இவ்ளோ முக்கியம்னா, நூத்துல ஒன்னு ரெண்டு பேருக்கு கரு கர்ப்பப்பைக்குள்ள வராம கருக்குழாய்லயே தங்கிடும், கார்டுல ரெண்டு கோடு தான் காட்டும், மசக்கையும் வரும், ஆனா அது வளர வளர குழாய் வெடிச்சு வயித்துக்குள்ளயே ரத்தம் போகும். அந்த கருவ காப்பாத்த முடியாது, தாய காப்பாத்தலாம், சீக்கிரம் கண்டுபுடிச்சா மருந்துலயே கூட சரி பண்ணலாம். யார்கிட்டயும் சொல்லாம இருக்கறதுல இருக்கற ஆபத்து இது தான், மயங்கி விழுந்த பொண்ணு கர்ப்பமா இருக்கான்னே கூட இருக்கறவங்களுக்கு தெரியலன்னா ஆம்புலன்ஸ்ல வர்றவங்களுக்கு யார் சொல்றது?

முதல் ஸ்கேன் பெரும்பாலும் 6ல இருந்து 8 வாரத்துக்குள்ள எடுப்பாங்க, கரு சரியான எடத்துல இருக்கா, இதயம் துடிக்குதா, ஒன்னா ரெட்டையா, எத்தன வாரம்னு பாக்க. ஆரம்பத்துல கரு ரொம்ப சின்னது, அதனால சில சமயம் வயித்து மேல வெச்சு பாத்தா தெரியாது, கீழ வழியா ஒரு மெல்லிசான கருவிய வெச்சு பாப்பாங்க. இத யாரும் முன்னாடியே சொல்லாததால அந்த ரூம்ல போய் பயந்து அழுதவங்க எத்தனயோ பேரு, நானும் தான். அந்த கருவியால கருவுக்கு ஒன்னும் ஆகாது, கொஞ்சம் கூச்சமா இருக்கும், வலி பெருசா இருக்காது, பொம்பள டாக்டர் வேணும்னு கேக்கலாம், கூட ஒரு பொம்பளை நிக்கணும்னும் கேக்கலாம். அஞ்சரை வாரத்துல போய் துடிப்பு தெரியலன்னா உடனே மனச விட்டுடாதீங்க, தேதி ரெண்டு மூணு நாள் முன்ன பின்ன இருந்தாலே அப்படி தான், ஒன்னு ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வர சொல்வாங்க.

இப்போ நான் சொல்ல வேண்டியத சொல்றேன். எனக்கு முதல் தடவ 9 வாரத்துல கலைஞ்சிடுச்சு. சத்துவாச்சாரில இருந்து காட்பாடிக்கு ஸ்கூட்டில போனது தான் காரணம்னு ஒருத்தர், குடத்துல தண்ணி தூக்குனது தான்னு இன்னொருத்தர், பப்பாளி சாப்பிட்டிருப்பான்னு மூணாவது ஆளு. ஆறு மாசம் நான் அந்த ஸ்கூட்டிய தொடவே இல்ல. அப்புறம் தான் ஒரு டாக்டரம்மா உக்கார வெச்சு சொன்னாங்க, தெரிய வந்த கர்ப்பத்துலயே நூத்துக்கு 10ல இருந்து 20 வரைக்கும் இப்படி கலையுது, பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள்ள, அதுல பாதிக்கு மேல கரு சேர்றப்பவே குரோமோசோம் எண்ணிக்கை தப்பா அமைஞ்சதால, நீ நடந்ததாலயோ வண்டில போனதாலயோ இல்லன்னு. அந்த வார்த்தை எனக்கு ஒரு வருஷம் முன்னாடியே கெடச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வீட்டு ஆளுங்கள தவிர யாருக்கும் சொல்லாம வெச்சிருந்ததால வெளிய யார்கிட்டயும் அழவும் முடியல, ஆபீஸ்ல காய்ச்சல்னு லீவ் போட்டேன். இத படிக்கற யாருக்காவது அப்படி நடந்திருந்தா, உங்க மேல தப்பு இல்ல. ஒரு தடவ கலைஞ்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அடுத்தது நல்லபடியா நிக்கும்.

சாப்பாட்டு சந்தேகம் சுருக்கமா. பச்சை பப்பாளி வேணாம், அதுல இருக்கற பால் கர்ப்பப்பைய சுருங்க வெக்கலாம்னு சந்தேகம் இருக்கு, நல்லா பழுத்தது அளவா சாப்பிட்டா பயமில்ல. அன்னாசி ரெண்டு துண்டு சாப்பிட்டா ஒன்னும் ஆகாது. குங்குமப்பூ பால் குடிச்சா கொழந்தை செவப்பா பொறக்காது, நெறம் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது, அந்த காசுக்கு முட்டையும் பேரிச்சம்பழமும் வாங்கலாம். காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, வேகாத கறி வேணாம். மீன் நல்லது, சுறா மட்டும் இப்போ வேணாம், அதுல பாதரசம் சேரும். டீ காபி ஒரு நாளைக்கு ரெண்டு சின்ன டம்ளரோட நிறுத்திக்கலாம். மெடிக்கல்ல போய் தலைவலிக்கு, இடுப்பு வலிக்குன்னு நீங்களா மாத்திரை வாங்காதீங்க, முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆனா தைராய்டு, ஃபிட்ஸ், பிபி, சர்க்கரைக்கு சாப்பிடற மாத்திரைய நீங்களா நிறுத்தவும் கூடாது, அன்னிக்கே போய் கேளுங்க. காய்ச்சல் வந்தா தள்ளி போடாதீங்க. புருஷனோட சேரலாமான்னு கேக்க வெக்கப்படறவங்களுக்கு, ரத்தப்போக்கு இல்லாம, டாக்டர் வேணாம்னு சொல்லாம இருந்தா, சேரலாம்.

வேலைக்கு போறவங்களுக்கு தனியா சொல்லணும். நம்ம மாவட்டத்துல ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் காலைல பஸ் பஸ்ஸா போறது பொம்பளைங்க தான், குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் வீட்லயே பீடி சுத்தறவங்க ஏராளம். (2019ல மூணா பிரிச்சாங்க, எனக்கு இன்னும் எல்லாமே வடஆற்காடு தான்.) பசை ஒட்டற செக்ஷன்ல வர்ற கெமிக்கல் வாசனை முதல் மூணு மாசத்துக்கு நல்லதில்ல, சூப்பர்வைசர்கிட்ட கேட்டு தையலுக்கோ பேக்கிங்குக்கோ மாத்திக்க பாருங்க, அதுக்காகவாவது சீக்கிரம் சொல்லியாகணும். பீடி சுத்தறப்போ புகையிலைல இருக்கற நிக்கோட்டின் தோல் வழியாவே உடம்புக்குள்ள போகும், தூள் மூச்சுல போகும், அதனால கர்ப்பம்னு தெரிஞ்சா நிறுத்த முடிஞ்சா நிறுத்துங்க. வயித்து பொழப்பு, முடியலன்னா காத்தோட்டமா வாசல்ல உக்காந்து, மூக்குல துணி கட்டி, சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவி, நேரத்தை கொறச்சுக்கோங்க. வீட்ல யாராவது பீடி சிகரெட் புடிச்சா அவங்கள தெருமுனைக்கு அனுப்புங்க. பிரசவ லீவ் சட்டம் 1961லயே வந்தது, 2017ல இருந்து முதல் ரெண்டு கொழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவ். கரு கலைஞ்சாலும் 6 வாரம் சம்பளத்தோட லீவ் சட்டப்படி உண்டு. எனக்கு அது தெரியாம தான் ரெண்டே நாள்ல வேலைக்கு போய் உக்காந்தேன்.

பதிவு பண்றது. உங்க ஏரியா கிராம சுகாதார செவிலியர்கிட்ட ஆதார், பேங்க் பாஸ்புக், போன் நம்பர் குடுத்தா பிக்மின்னு சொல்ற ஆர்சிஹெச் நம்பர், அதாவது கவர்மெண்ட்ல கர்ப்பத்த பதிவு பண்ண நம்பர், போட்டு குடுப்பாங்க. பிரைவேட்ல பாக்கறவங்களுக்கும் அது வேணும், பின்னாடி பொறப்பு சர்டிஃபிகேட்டுக்கு அந்த நம்பர் கேப்பாங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல தமிழ்நாடு கவர்மெண்ட் குடுக்கற 18,000 ரூபாய் பிரசவ உதவி, அதுல 14,000 பணமாவும் மீதி சத்து பெட்டகமாவும் வர்றது, அதுக்கும் 12 வாரத்துக்குள்ள பதிவு பண்ணியிருக்கணும். மூணு மாசம் மறைச்சு வெச்சா அதுவும் கைய விட்டு போகலாம். எடை, பிபி, எச்பி, ரத்த வகை, சர்க்கரை, தைராய்டு, எச்ஐவி, மஞ்சக்காமாலை டெஸ்ட் எல்லாம் எடுப்பாங்க, எல்லாருக்கும் எடுக்கறது தான், எச்ஐவின்னதும் பதற வேணாம். உங்க ரத்தம் நெகட்டிவ் வகையா இருந்தா அத மனப்பாடமா வெச்சிக்கோங்க, ரத்தப்போக்கு வந்தாலும் கலைஞ்சாலும் ஒரு ஊசி தேவைப்படலாம். 11 வாரத்துல இருந்து 14 வாரம் ஆரம்பிக்கறதுக்குள்ள கொழந்தையோட கழுத்துக்கு பின்னாடி இருக்கற நீர் அளவ பாக்கற என்டி ஸ்கேன்னு ஒன்னு, அந்த தேதிய தாண்டிட்டா அத எடுக்க முடியாது. சந்தேகம் கேக்க 104க்கு போன் பண்ணலாம்.

நம்ம சிஎம்சி ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச அயிடா ஸ்கடர் அம்மா வேலூருக்கு வந்த கதை எங்க ஆயா சொல்லி கேட்டிருக்கேன். திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு வீட்டு ஆம்பளைங்க வந்து பிரசவத்துல கஷ்டப்படற பொண்டாட்டிய பாக்க கூப்ட்டாங்க, ஆம்பள டாக்டர் பாக்கறதுக்கு ஒத்துக்கல, அந்தம்மா அப்போ டாக்டர் இல்ல, மூணு பேரும் செத்துட்டாங்க. அதுக்கப்புறம் தான் படிச்சிட்டு வந்து 1900ல இங்க ஒத்த கட்டிலோட ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு கல்கத்தால இருந்து ரயிலேறி காட்பாடில வந்து எறங்கறாங்க இந்த ஊருக்கு வைத்தியம் பாக்க, அடுக்கம்பாறைல கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு, ஊருக்கு ஊரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. ஒரு டவுன் பஸ் தூரத்துல இவ்ளோத்தையும் வெச்சிக்கிட்டு நம்ம வீட்டு பொண்ணு மூணு மாசம் பாத்ரூம்ல நின்னு குசுகுசுன்னு போன் பேசுறது எனக்கு தாங்கல.

மறுநாள் காலைல அந்த அத்தைகிட்ட நானே பேசுனேன். சண்டை போடல, சொந்தக்காரங்களுக்கு நீங்க சொல்ற நாள்ல சொல்லலாம் அத்த, நர்ஸம்மாவுக்கு மட்டும் இப்போ சொல்லிடலாம், அவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "எனக்கும் மூத்தவனுக்கு முன்னாடி ஒன்னு தங்கல மா, எங்க மாமியாருக்கு கூட தெரியாது"ன்னாங்க. செவ்வாக்கெழம அவங்களே குடை புடிச்சிக்கினு அவள கூட்டினு போயிருக்காங்க. எடை 46, எச்பி 9.8, டாக்டர் பாத்து ஃபோலிக் ஆசிட்டோட இரும்புச்சத்துக்கும் எழுதி குடுத்திருக்காங்க, ஸ்கேனுக்கு அடுத்த மாசம் 4ம் தேதி வர சொல்லியிருக்காங்க. பல்பம் திங்கணும் போல இருக்குன்னு அவ அங்க வெச்சு தான் சொல்லியிருக்கா.